புதுப்பிப்பு: சார்ஜ் ஏறாத லேப்டாப், பழி பேட்டரி மேல் இல்லை

போன வாரம் எழுதியிருந்தேன்: சார்ஜர் செருகியிருக்கும், விளக்கும் எரியும், ஆனால் பேட்டரி 7 சதவீதத்தைத் தாண்டாது, மெஷினும் ஆமை வேகம். பேட்டரி போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன். நல்லவேளை, புதிது வாங்கவில்லை.

பயாஸுக்குள் (லேப்டாப் தொடங்கும்போது திறக்கிற அடிப்படை அமைப்புத் திரை) போய்ப் பார்த்தால் அடாப்டர், அதாவது சார்ஜர், வகை 'தெரியவில்லை' என்று காட்டியது. சார்ஜரில் மல்டிமீட்டர் (மின்னழுத்தம் அளக்கும் கருவி) வைத்தால் சரியாக 19.5 வோல்ட். அப்புறம் என்ன கோளாறு? இந்த மாடலில் சார்ஜர் முனைக்குள் நடுவில் ஊசி மாதிரி ஒன்று இருக்கிறதே, அது மின்சாரம் கொண்டுபோக இல்லை. 'நான் இத்தனை வாட்' என்று மதர்போர்டுக்குச் சொல்ல. அந்தத் தகவல் வராவிட்டால் போர்டு சார்ஜ் ஏற்றாது, பிராசசர் வேகத்தையும் இழுத்துப் பிடித்துவிடும். இரண்டு தொல்லைக்கும் ஒரே காரணம்!

நண்பரின் சார்ஜரைச் செருகினேன், அதே கதை. அப்படியானால் கோளாறு லேப்டாப் பக்கம்தான். பின்மூடியைக் கழற்றி, முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு (இதை மறக்காதீர்கள்) ஜாக்கை (சார்ஜர் செருகும் துளை) பார்த்தேன். அந்த ஊசியின் தகவலைக் கொண்டுபோகிற மெல்லிய கம்பி உள்ளே அறுந்து, மேலுறை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. ஜாக் ஒயரோடு தனியாக வருகிற வகை, போர்டில் பற்றவைத்ததல்ல. மாற்றுவது பத்து நிமிட வேலை. திருகாணி ஒன்று மிச்சம் வந்ததைப் பற்றிக் கேட்காதீர்கள்.

இப்போது 100 வரை ஏறுகிறது. ஃபேன் இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது. அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை.