கருஞ்சீரக எண்ணெய்: அகார் தட்டில் தடுப்பு வளையமே வரவில்லை, ஏன்?

விதைநெய்:
குளிர்முறையில் பிழிந்த கருஞ்சீரக எண்ணெய். முல்லர்-ஹிண்டன் அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஈ.கோலை என்ற இரண்டு பாக்டீரியாவையும் 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கல் அளவுகோல்) அடர்த்தியில் பரப்பி, 6 மி.மீ. காகித வட்டில் 10 மைக்ரோலிட்டர் எண்ணெய் விட்டு, 35 டிகிரியில் 18 மணி நேரம் வைத்தாயிற்று. ஒப்பீட்டுக்கு வைத்த ஜென்டாமைசின் மருந்துக்கு, பாக்டீரியா வளராத வளையம் தெளிவாக இருக்கிறது, எண்ணெய்க்கு ஒன்றும் இல்லை. வீரியம் இல்லை என்று எழுதிவிடலாமா? ஜிசி-எம்எஸ்ஸிலும் (சேர்மங்களை ஆவியாக்கிப் பிரித்து அடையாளம் காணும் கருவி) ஹெக்சேனில் கரைத்து அப்படியே செலுத்தினால் கொழுப்பு அமில உச்சங்கள் சரியாக வரவில்லை.

நுண்குழி:
தயவுசெய்து எழுதாதீர்கள். அகாரில் பெரும்பகுதி தண்ணீர். எண்ணெய் அதில் பரவாமல் வட்டிலேயே தங்கிவிடும். வளையம் இல்லை என்றால் வீரியம் இல்லை என்று பொருளல்ல, பரவாமலும் இருந்திருக்கலாம்.

96 குழித் தட்டில் நீர்ம ஊடகத்துக்கு மாறுங்கள். எண்ணெயை முதலில் ட்வீன் 80-உடன் (எண்ணெயைத் தண்ணீரில் கலக்கச் செய்யும் பொருள்) நன்றாகக் கலந்து, பிறகு ஊடகத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, பால்போல ஆகும்வரை வோர்டெக்ஸ் கருவியில் சுழற்றிக் கலக்குங்கள். குழியில் ட்வீன் 0.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். பாக்டீரியா மி.லி.க்கு 5 லட்சம். இந்தப் பால்போன்ற கலவை (பால்மம்) கலங்கலாக இருப்பதால், கலங்கலை வைத்து வளர்ச்சியைக் கணிக்கும் ஒளியடர்த்தி அளவீடு இங்கே உதவாது. 0.015 சதவீத ரெசாசுரின் சாயம் 30 மைக்ரோலிட்டர் விட்டு 2 முதல் 4 மணி நேரம் பாருங்கள்: நீலமாகவே நின்றால் வளர்ச்சி இல்லை, இளஞ்சிவப்பானால் வளர்ந்திருக்கிறது. ட்வீனும் பாக்டீரியாவும் மட்டும் உள்ள குழி, பாக்டீரியா இல்லாத பால்மக் குழி இரண்டும் கட்டாயம். எண்ணெயே சாயத்தை நிறம் மாற்றினால் இரண்டாவது குழி காட்டிக்கொடுக்கும்.

தட்டை ஒட்டுத்தாளால் மூடுங்கள். எண்ணெயின் முக்கிய வீரியப் பொருளான தைமோகுயினோன் ஆவியாகி பக்கத்துக் குழியையும் தடுத்துவிடும்.

நிறமாலை:
ஜிசி-எம்எஸ் பிரச்சினைக்குக் காரணம் எளிது. எண்ணெயில் பெரும்பகுதி ட்ரைகிளிசரைடு (மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்த கொழுப்பு). கருவியின் சாதாரணப் பிரிகுழாயிலிருந்து (column) அது வெளியே வராது. அதை எளிதில் ஆவியாகும் மெத்தில் எஸ்டராக்க வேண்டும். 0.1 கிராம் எண்ணெய், 2 மி.லி. ஹெக்சேன், மெத்தனாலில் கரைத்த 2 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 0.2 மி.லி.; 30 விநாடி பலமாகக் குலுக்கி, தெளிந்த மேலடுக்கை எடுங்கள். லினோலெயிக் அமிலம்தான் முதலிடத்தில் வரும், அடுத்து ஒலெயிக், பால்மிட்டிக்.

ஆனால் இந்த முறை, ட்ரைகிளிசரைடிலிருந்து பிரிந்து தனியாக இருக்கும் கொழுப்பு அமிலங்களை எஸ்டராக்காது. கருஞ்சீரக விதையில் கொழுப்பை உடைக்கும் லிபேஸ் நொதி வீரியமானது, எண்ணெயின் அமில மதிப்பு (தனி அமிலங்களின் அளவைக் காட்டும் எண்) எளிதில் ஏறிவிடும். முதலில் அமில மதிப்பை அளவிடுங்கள். அதிகமாக இருந்தால் மெத்தனாலில் கரைத்த போரான் ட்ரைஃபுளோரைடு முறைதான் சரி. தைமோகுயினோனை ஹெச்பிஎல்சியில் (திரவத்தில் சேர்மங்களைப் பிரித்து அளக்கும் கருவி) 254 நானோமீட்டரில் தனியாக அளவிடுங்கள். வெளிச்சம் பட்டால் அது இரட்டை மூலக்கூறாக மாறிவிடும், பழுப்புக் குப்பியிலேயே வையுங்கள்.

தட்டு96:
மேலே சொன்ன அமில மதிப்பு நுண்ணுயிர்ச் சோதனைக்கும் முக்கியம். ட்ரைகிளிசரைடு பாக்டீரியாவை ஏறத்தாழ ஒன்றும் செய்யாது. தனி லினோலெயிக் அமிலம் ஸ்டஃபைலோகாக்கஸின் சவ்வைக் குலைக்கும். பழைய எண்ணெய் புதியதைவிட வீரியமாகத் தெரிவது இதனால்தான், அதைத் தைமோகுயினோன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். தூய லினோலெயிக் அமிலத்தையும் தூய தைமோகுயினோனையும் அதே தட்டில் தனி வரிசைகளில் வையுங்கள். ஈ.கோலைக்கு வெளிச்சவ்வு இருப்பதால் அங்கே தடுப்பு குறைவாகவே வரும், அதைச் சோதனைப் பிழை என்று எண்ண வேண்டாம். நீலமாக நின்ற குழிகளிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்துப் புது அகாரில் வைத்துப் பாருங்கள். மறுநாள் வளர்ந்தால் எண்ணெய் தடுத்தது, கொல்லவில்லை.