மீத்தேனுண்ணி என்றே வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் நண்பர்களே,

குளிர்ந்த ஏரிகளில் மீத்தேனை உண்டு வாழும் நுண்ணுயிர்களான மெத்தனோட்ரோஃப்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு உங்களிடமிருந்து மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: மீத்தேன் சிதைப்பான், மீத்தேன் ஆக்சிஜனேற்றி, மீத்தேனுண்ணி. என் வாக்கு மூன்றாவதற்கு.

சிதைப்பான் சரிவராது. செத்ததை மட்கச் செய்யும் உயிரிகளுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது.

ஆக்சிஜனேற்றியை அப்படித் தள்ளிவிட முடியாது. வேதியியல்படி அது சரியான சொல்தான். சிக்கல் என்னவென்றால், அம்மோனியாவை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியாக்களின் நொதி மீத்தேனையும் சற்று ஆக்சிஜனேற்றிவிடும். ஆனால் அதை வைத்து அவற்றால் வளர முடியாது. மெத்தனோட்ரோஃப் அப்படியல்ல. மீத்தேன் மோனோஆக்சிஜனேஸ் என்ற நொதியால் மீத்தேனை மெத்தனால் ஆக்குகிறது, அப்புறம் ஃபார்மால்டிஹைடு. அங்கே வழி பிரிகிறது: ஒரு பங்கு உடல் கட்டப் போகிறது, மிச்சம் ஃபார்மேட் வழியாகக் கார்பன் டை ஆக்சைடாகி ஆற்றல் தருகிறது. உடலுக்கும் உழைப்புக்கும் ஒரே பொருள். இதை உண்பது என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

'உண்ணி என்றால் மாட்டில் ஒட்டும் பூச்சிதானே ஐயா' என்று கேட்டிருந்தீர்கள். தாவர உண்ணி, ஊன் உண்ணி, சாறுண்ணி எல்லாம் புழங்கவில்லையா? முன்னால் ஒரு சொல் ஒட்டிவிட்டால் மாட்டு நினைப்பு வராது.

குளிர்ந்த ஏரியில் வாழ்வதால் 'குளிர்விரும்பி மீத்தேனுண்ணி' என்று சொல்வதைத்தான் நான் ஏற்கமாட்டேன். குளிர்விரும்பி என்றால் 15 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ நன்றாக வளர வேண்டும், 20-க்கு மேல் வளரவே கூடாது. மெத்திலோபேக்டர் டன்ட்ரிபலூடம் என்ற மீத்தேனுண்ணி ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்டு ஈரநில மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 2006-இல் பெயர் பெற்றது. அதற்கு மிகவும் ஒத்துப்போவது 23 டிகிரி! குளிரைப் பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மெத்திலோபேக்டர் சைக்ரோஃபிலஸ் போன்ற நிஜமான குளிர்விரும்பிகளும் உண்டு. ஆகவே இரண்டையும் சேர்த்துப் பேசும்போது 'குளிர்நீர் மீத்தேனுண்ணி', தனியாகச் சொல்லும்போது குளிர்தாங்கி, குளிர்விரும்பி எனப் பிரிக்கலாம்.

குளிர் இவற்றின் பசியை அதிகம் அடக்குவதில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. வெப்பம் குறையும்போது மீத்தேன் உற்பத்தி விழும் அளவுக்கு நுகர்வு விழாது. மீத்தேன் எவ்வளவு கிடைக்கிறது என்பதே பெரும்பாலும் எல்லை. மேற்கு அண்டார்க்டிகாவில் சுமார் 800 மீட்டர் பனிக்கட்டிக்கு அடியில் இருக்கும் வில்லன்ஸ் ஏரியை 2013-இல் துளையிட்டுப் பார்த்தார்கள். நீர் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. அடியிலிருந்து வரும் மீத்தேனில் 99 சதவீதத்துக்கும் மேல் அங்கேயே தீர்ந்துவிடுகிறது என்று கணக்கிட்டார்கள். அங்கேயும் முன்னால் நின்றது மெத்திலோபேக்டர் இனம்தான்.

இன்னொன்று. கலைச்சொல்லுக்குள் 'பாக்டீரியா' வேண்டாம். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் மீத்தேனை உண்ணும் ஆர்க்கியாக்களும் (பாக்டீரியா அல்லாத வேறொரு வகை நுண்ணுயிர்கள்) இருக்கின்றன. அவற்றையும் விட்டுவிடக் கூடாது. மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிரான மெத்தனோஜெனுக்கு மீத்தேனாக்கி என்று வைத்தால், ஆக்கி ஒரு பக்கம், உண்ணி மறு பக்கம் என்று ஜோடியும் பொருந்துகிறது.

தமிழ்ப் பெயர் வைக்க மிச்சம் இருப்பது மெத்திலோட்ரோஃப். மெத்தனால், மெத்திலமீன் போன்றவற்றிலும் வாழ்பவை அதில் அடங்கும். மீத்தேனுண்ணிகள் அதன் ஒரு பிரிவு. 'மெத்திலுண்ணி' என்றால் படிக்கும்போது இரண்டும் குழம்புமோ என்று தோன்றுகிறது. 'ஒற்றைக்கரிம உண்ணி' நீளம், ஆனால் தெளிவு. உங்களுக்கு எது சரியாகப் படுகிறது?