ஆஸ்திரிய மலைப் பள்ளத்தாக்கில் எட்டு நாள் மிதிவண்டி விடுமுறை: செம்பனைக் காட்டில் ஓட்டிப் பழகிய எங்களுக்குச் சரிப்படுமா?

பீடோர் ஞாயிற்றுக் குழு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பீடோரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஞாயிறுதோறும் மலை மிதிவண்டி ஓட்டும் ஐந்து பேர் நாங்கள். காலை ஆறரை மணிக்கு வாசல் காவலாளியிடம் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தால், லோரிகள் குலை ஏற்றிச் செல்லும் செம்மண் சாலைகளிலும், செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஓடும் ஒற்றையடிப் பாதைகளிலும் முப்பது கிலோமீட்டர் சுற்றிவிட்டு, பத்து மணிக்குள் கடைத்தெருவுக்கு வந்து பசியாறுவோம். வெட்டிப்போட்ட மட்டையின் முள், மழை பெய்த மறுநாள் சக்கரத்தை அடைத்துக்கொள்ளும் களிமண், வடிகால் கானுக்குக் குறுக்கே போட்ட ஒற்றைப் பலகை ஆகியவைதாம் எங்களுக்குத் தெரிந்த ஆபத்துகள். மிக நீளமான இறக்கம் என்றால் இரண்டு நிமிடம் வரும்.

ஆளுக்கு மாதம் இருநூறு வெள்ளி என்று நான்கு ஆண்டுகளாக ஒதுக்கிய பணத்தில், ஆஸ்திரியாவின் கிளெம்தால் பள்ளத்தாக்கிலுள்ள சால்பாக் ஊருக்குப் போக எண்ணியிருக்கிறோம். தீபாவளியை ஒட்டிச் சென்றால் ஐவருக்கும் ஒன்றாக விடுப்பு கிடைக்கும். சொந்த வண்டிகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து ஏற்படவில்லை. எங்களில் மூத்தவருக்கு 61 வயது. அவர் தம்முடைய மின்மிதிவண்டியைக் கொண்டுவரப் பிடிவாதமாக இருக்கிறார். இன்னொருவர் சைவம், மற்ற நால்வரும் மாட்டிறைச்சி உண்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் பயிற்சி அந்த மலைகளுக்குப் போதுமா என்பதைச் சென்று வந்தவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டுகிறேன்.

தைப்பிங் பட்டறைக்காரன் எழுதியது:

வணக்கம். நான் மிதிவண்டிப் பட்டறை வைத்திருப்பவன். ஆல்ப்ஸ் மலைக்கு இருமுறை சென்றிருக்கிறேன். முதல்முறை பிரான்சிலுள்ள மோர்சீன், இரண்டாம் முறை நீங்கள் குறிப்பிடும் சால்பாக். மோர்சீன் சேர்ந்திருக்கும் போர்ட் டு சோலேய் வட்டாரம் பிரான்சு, சுவிட்சர்லாந்து ஆகிய இரு நாடுகளிலும் பரந்து கிடப்பது. காலையில் ஒரு நாட்டில் ஏறி நண்பகலில் மறு நாட்டில் இறங்கலாம். ஆனால் முதன்முறை செல்வோருக்கு, எல்லாப் பாதைகளும் ஊருக்கே திரும்பி வந்து சேரும் கிளெம்தால்தான் எளிது என்பது என் கருத்து. பக்கத்து ஊரான லேயோகாங்கில்தான் 2012ஆம் ஆண்டிலும் 2020ஆம் ஆண்டிலும் உலக வெற்றியாளர் போட்டிகள் நடந்தன.

முப்பது கிலோமீட்டர் மிதிக்கிற உங்கள் கால்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அங்கே ஏற்றத்தைக் கேபிள் கார் பார்த்துக்கொள்ளும்; வண்டியையும் அதிலேயே ஏற்றிவிடலாம். சோதனை எல்லாம் இறங்கும்போது உங்கள் கைகளுக்குத்தான். சால்பாக் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே நிற்கும் ஷாட்பெர்க் உச்சி நிலையம் 2,000 மீட்டரைச் சற்றே தாண்டியது, அதாவது கேமரன் மலையிலுள்ள பிரிஞ்சாங் சிகரத்தின் உயரத்தை ஒட்டி வரும். ஆளும் வண்டியும் சேர்ந்து 95 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த 1,000 மீட்டரை இறங்கி முடிக்கும்போது வெளிப்படும் ஆற்றல் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் வாங்கிக்கொள்வது போக, மீதியெல்லாம் இரண்டு பிரேக் தட்டுகளின் தலையில்தான் விழுகிறது.

முதல்முறை சென்றபோது இரண்டு விரலால் பிரேக்கைப் பிடித்தபடியே மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தேன். பாதிவழியில் பிரேக் கட்டை தீய்ந்த வாடை வந்தது. அதற்கடுத்த வளைவில் பிடி கைப்பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே போய்விட்டது. முன்னங்கை மரத்துப்போய்த் தண்ணீர்ப் புட்டியின் மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை. கேமரனிலிருந்து தாப்பாவுக்குக் காய்கறி லோரிகள் எப்படி இறங்குகின்றன என்பதைக் கவனித்திருப்பீர்கள்: பிரேக்கை அழுத்திக்கொண்டே வருகிற ஓட்டுநர் ஊர் போய்ச் சேரமாட்டார். லோரியைப் போலக் கியரைக் குறைத்து வேகத்தை அடக்கும் வசதி நமக்கு இல்லை. ஆகவே வளைவுக்கு முன்னால் நேர்வழியில் ஒரே விரலால் அழுத்தமாகப் பிடித்து, வளைவுக்குள் நுழையுமுன் விட்டுவிட வேண்டும். விட்ட நேரத்தில்தான் தட்டு ஆறுகிறது, கையும் ஆறுகிறது. இதைத் தோட்டத்து இரண்டு நிமிட இறக்கத்திலேயே திரும்பத் திரும்பப் பழகலாம். மாதம் ஒருமுறை கோலாலம்பூர் புக்கிட் கியாராவுக்குச் சென்று வேர்களின்மேல் ஓட்டிப் பழகுவது இன்னும் நல்லது.

வண்டியைக் கொண்டுபோக வேண்டாம். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் அங்கே எட்டு நாள் இறங்கினால் முதுகு தாங்காது. முன்னும் பின்னும் 160 மில்லிமீட்டருக்கு மேல் அமுங்குகிற, பெரிய பிரேக் தட்டுகள் பூட்டிய வண்டியை அங்கேயே வாடகைக்கு எடுங்கள். நாள் வாடகை நூறு யூரோவை ஒட்டி வரக்கூடும் என்பது வலிக்கத்தான் செய்யும். எட்டு நாளும் இறங்கும் எண்ணத்தை விட்டு, மூன்றாம் நாளும் ஆறாம் நாளும் ஓய்வெடுத்தால் செலவும் குறையும், காயமும் குறையும். முகத்தை முழுதாக மூடும் தலைக்கவசம், முட்டிக் காப்பு, முதுகுக் காப்பு ஆகியவற்றை மட்டும் இங்கிருந்தே அளவு பார்த்து வாங்கிச் செல்லுங்கள்.

பாதைகளுக்கு நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் தீட்டியிருப்பார்கள். நீலம் எளியது, கறுப்பு கடினமானது. கோல்மைஸ் மலையிலுள்ள மில்கா லைன் என்ற நீலப் பாதையில் முதல் நாள் முழுவதும் ஓட்டுங்கள். ஷாட்பெர்க்கிலிருந்து இறங்கும் எக்ஸ் லைன், பெயரைக் கேட்டாலே ஆசையைத் தூண்டுவதுதான். கை பழகிய பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

சால்ஸ்பர்க்வாசி எழுதியது:

வணக்கம் அண்ணன்மார்களே. நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது சால்ஸ்பர்க்கில் தாதியாகப் பணிபுரிகிறேன். மேலே எழுதியவர் சொன்ன எதையும் மறுக்கவில்லை. அவர் விட்டதைச் சொல்கிறேன்.

தீபாவளித் திட்டத்தைத் தயவுசெய்து மாற்றுங்கள். நம் பண்டிகை அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். அந்த வேளையில் ஆல்ப்ஸில் பெரும்பாலான கேபிள் கார்கள் நின்றிருக்கும், மேலே பனி விழத் தொடங்கியிருக்கும், மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் நாள்களும் உண்டு. செப்டம்பர் நடுப்பகுதியில் வாருங்கள். இங்கே பள்ளிகள் திறந்துவிடுவதால் கூட்டம் குறைந்திருக்கும், ஜூலை, ஆகஸ்டு மாதங்களின் பிற்பகல் இடிமழையும் ஓரளவு அடங்கியிருக்கும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஆறு, ஏழு பாகை குறையும் என்பதால், ஊரில் வெயில் அடித்தாலும் உச்சியில் குளிர்மேலாடை தேவைப்படும். மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டாம். 180 நாளில் 90 நாள் தங்கலாம்.

தோட்டத்துக் காவலாளியிடம் சொல்லிவிட்டு நுழைவதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பழக்கம் இங்கே மிகவும் உதவும். 1975ஆம் ஆண்டு வனச் சட்டப்படி ஆஸ்திரியக் காடுகளில் யாரும் நடக்கலாம். மிதிவண்டி ஓட்டுவதற்கோ உரிமையாளரின் இசைவு வேண்டும். ஆகையால் மிதிவண்டிக்கெனப் பலகை நட்ட பாதைகளில் மட்டும் ஓட்டுங்கள். வரைபடத்தில் அழகாகத் தெரிகிற காட்டுச் சாலைகளெல்லாம் திறந்தவை அல்ல. மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் பாதையிலேயே படுத்திருக்கும். நம் தோட்டத்து மாடுகளைப் போல் மணியடித்தவுடன் எழுந்துவிடும் என்று எண்ணாதீர்கள். கன்றுள்ள பசுவிடமிருந்து நன்றாக விலகி, இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். திறந்த படலை மறக்காமல் மூடுங்கள்.

மலைக் குடில்களில் சாப்பாடு கிடைக்கும். காஸ்பிரஸ்க்னோடல் என்பது பாலாடைக்கட்டி சேர்த்துத் தட்டிப் பொரித்த உருண்டை. கேட்டால் இறைச்சி இல்லை என்பார்கள், ஆனால் அதைப் பெரும்பாலும் மாட்டு எலும்புச் சாற்றில்தான் மிதக்க விட்டுக் கொடுப்பார்கள். நான் வந்த புதிதில் பாதி கிண்ணம் குடித்த பிறகுதான் இது தெரிந்தது. சூப்பு இல்லாமல், கீரைக் கலவையுடன் கொடுக்கச் சொல்லுங்கள். வதக்கிய வெங்காயம் தூவிய காஸ்ஸ்பெட்ஸ்லே, பிய்த்துப் போட்ட இனிப்பு அப்பம் போன்ற கைசர்ஷ்மாரன் இரண்டிலும் முட்டை உண்டு என்பதைச் சைவ நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சமையலறை உள்ள வீடாகப் பார்த்து எடுத்தால் இரவில் சோறு வடித்துக்கொள்ளலாம். சில குடில்களில் ரொக்கம் மட்டுமே வாங்குவார்கள்.

மலை மீட்புக்கு இங்கே 140 என்ற எண்ணை அழைக்க வேண்டும். ஹெலிகாப்டர் வந்து தூக்கினால் கட்டணம் உங்கள் கணக்கில்தான் வரும். என் மருத்துவமனை வார்டில் கழுத்தெலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு வெளிநாட்டுப் பயணியின் காப்பீட்டு நிறுவனம், கேபிள் காரில் ஏறி வண்டியில் இறங்குவது தங்கள் ஒப்பந்தத்தில் மிதிவண்டி ஓட்டுதல் ஆகாது என்று கைவிரித்துவிட்டது. ஒப்பந்தத்தின் விலக்குப் பகுதியை வரி விடாமல் படியுங்கள்.

கித்தாக்காட்டான் எழுதியது:

மூத்தவரின் மின்மிதிவண்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பயணி விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் மின்கலத்தை ஏற்ற விடமாட்டார்கள். அவருடையது 500க்குக் குறையாது. அங்கே மின்மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கும் என்று சொல்லி மனத்தைத் தேற்றுங்கள். மற்றபடி, சொந்த வண்டி வேண்டாம் என்பதை முழுதாக ஏற்கமாட்டேன். மூன்று வாரம் தங்குவோருக்கு வாடகைக் கணக்கு வேறு மாதிரி வரும். எட்டு நாளுக்குப் பட்டறைக்காரர் சொல்வதே சரி.

பீடோர் ஞாயிற்றுக் குழு எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு ஐவரும் கூடிப் பேசினோம். செப்டம்பர் என்று முடிவாகிவிட்டது. வண்டிகள் வீட்டிலேயே இருக்கும். மூத்தவர் அரைமணி நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வாடகை வண்டியின் மின்கலம் தம்முடையதைவிடப் பெரிதாக இருக்குமா என்று கேட்டார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம். ஒரே ஓர் ஐயம்: எங்கள் வண்டிகளில் மோட்டார் சைக்கிளைப் போல வலக்கைப் பிடிதான் முன்சக்கரத்துக்கு. அங்கேயும் அப்படித்தானா?

தைப்பிங் பட்டறைக்காரன் எழுதியது:

நல்ல வேளை கேட்டீர்கள். அங்கே வாடகை வண்டிகளில் பெரும்பாலும் இடக்கைப் பிடிதான் முன்சக்கரத்துக்கு. பழைய நினைவில் வளைவில் பின்சக்கரத்தைப் பிடிப்பதாக எண்ணி இடக்கையை இறுக்கினால் தலைக்கு மேலே போய் விழுவீர்கள். முன்பதிவு செய்யும்போதே மாற்றித் தர முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். எண்ணெய்க் குழாயை மாற்றிப் பூட்டக் கடைக்காரருக்கு நேரம் வேண்டும், காலை நெரிசலில் செய்து தரமாட்டார். முடியாது என்றால், இங்கேயே ஐவர் வண்டியையும் என் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். இடக்கைக்கு மாற்றித் தருகிறேன், மூன்று மாதம் தோட்டத்தில் ஓட்டிப் பழகிவிட்டுப் போங்கள்.