ஆதரவுக் குழு சேர்த்த பணத்தை எதற்குச் செலவழிப்பது, யார் சொல்வது?

கணக்குப்பிள்ளை:
ஒரு பொது நூலகத்தின் ஆதரவுக் குழுவுக்கு நான் பொருளாளர். நன்கொடையாக வரும் புத்தகங்களைத் தரம் பிரித்து விற்கிறோம். சிறுவர் பகுதிக்கு என்று அறிவித்துத்தான் விற்றோம். இப்போது நூலகர் அந்தப் பணத்தை மின்கட்டணத்துக்குக் கேட்கிறார். உழைப்பு எங்களுடையது, முடிவு மட்டும் அவருடையதா?

அலமாரிக்காரன்:
அவருடையதுதான். நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன். பணம் கொடுப்பவர் நிர்வாகத்தில் கை வைத்தால் அப்புறம் புத்தகத் தேர்விலும் வைப்பார். நூல் சேகரிப்பு எந்தக் கருத்தியல், அரசியல், மதத் தணிக்கைக்கும் வணிக நெருக்கடிக்கும் உட்படக்கூடாது என்று யுனெஸ்கோவின் 1994 பொது நூலக அறிக்கை சொல்கிறது. நல்ல மனசோடு கொடுக்கிற நெருக்கடியும் நெருக்கடிதான்.

கணக்குப்பிள்ளை:
புத்தகத் தேர்வு பக்கமே நாங்கள் போகவில்லையே! மின்கட்டணம் உள்ளாட்சி கட்டவேண்டியது. இந்த வருஷம் நாங்கள் கட்டினால், அடுத்த வருஷ ஒதுக்கீட்டில் அந்தச் செலவினமே காணாமல் போகும். அமெரிக்கத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி 2,500க்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தவர். அவரே இடத்தை ஊர் தரவேண்டும், கொடுத்த தொகையில் 10 சதவீதத்துக்குச் சமமான பணத்தை ஊரே ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்கவேண்டும் என்றுதான் நிபந்தனை போட்டார்.

மூலையில் ஒருவன்:
இடையில் ஒரு வார்த்தை. நானும் புத்தகம் பிரித்தவன்தான். பத்துப் பெட்டி வந்தால் எட்டில் காலாவதியான தேர்வு வழிகாட்டிகளும், பாதித் தொகுதிகள் தொலைந்த கலைக்களஞ்சியங்களும்தான். அந்த உழைப்பைச் சும்மா நினைக்காதீர்கள்.

அலமாரிக்காரன்:
நினைக்கவில்லை. மின்கட்டண விஷயத்தில் உங்கள் பயம் நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். சிறுவர் பகுதிக்கு என்று சொல்லி வாங்கியதை வேறு செலவுக்குத் திருப்புவதும் தப்பு. ஆனால் நீங்கள் விற்றதில் நூலகம் இனி வேண்டாம் என்று கழித்த புத்தகங்களும் உண்டா? நூலக முத்திரை குத்தியவை? அவை பொதுச்சொத்து. அந்தக் காசைக் குழுவின் காசு என்று யார் எழுதிக்கொடுத்தது?

கணக்குப்பிள்ளை:
உண்டு. எழுத்தில் எதுவும் இல்லை. முன்பு இருந்த நூலகர் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார், எடுத்துக்கொண்டோம்.

அலமாரிக்காரன்:
சண்டையின் வேரே அங்கேதான். கழித்த புத்தகத்தின் வரவைத் தனிக்கணக்கில் வையுங்கள். யார் விற்கலாம், குழு கலைந்தால் மீதிப் பணம் எங்கே போகும் என்பதை ஒப்பந்தமாக எழுதி, நீங்களும் நூலகரும் கையெழுத்துப் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
சரி, ஒப்பந்தத்தில் போடுகிறேன். மின்கட்டணக் காசோலையில் மட்டும் போடமாட்டேன்.