சேற்றுநிலத்தில் குதிரைலாட நண்டுகளை எண்ணிய காலை: களப்பணி அனுபவங்கள்

உயிரியல் மூன்றாம் ஆண்டு மாணவி:

சென்ற ஆண்டு, கடல் நன்றாக வற்றியிருந்த ஒரு காலையில், உரிய அனுமதியுடன் நாங்கள் நால்வர் சிங்கப்பூரின் மண்டாய் சேற்றுநிலத்தில் குதிரைலாட நண்டுகளைக் கணக்கெடுக்க இறங்கினோம். பெயரில் நண்டு என்று இருந்தாலும், அவை சிலந்திக்கும் தேளுக்கும்தான் நெருங்கிய உறவு. சிங்கப்பூரில் இருவகை உண்டு. வால் உருண்டையாக இருந்தால் சதுப்புநில வகை, முக்கோணமாக இருந்தால் கடற்கரை வகை. ஓட்டின் அகலத்தைக் காலிப்பரால் அளந்து, முன்கால்களைப் பார்த்து ஆணா பெண்ணா என்று குறித்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். கவிழ்ந்தால் நிமிர உதவுவது வால்தான் என்பதால், அதைப் பிடித்துத் தூக்கக்கூடாது என்பதே எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம்.

எண்ண வேண்டிய பகுதியைக் குறிக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு இருபுறமும் எண்ணிக்கொண்டு போனபோது, எல்லைக்கு வெளியே யாரோ கைவிட்ட மீன்வலை ஒன்று பாதி புதைந்து கிடந்தது. அதில் முப்பதுக்கும் மேற்பட்டவை சிக்கியிருந்தன. சில இறந்துவிட்டன, பல இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தன. நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடினேன். எங்களுடன் வந்த முதுநிலை மாணவி அக்கா என்னைத் தடுக்கவில்லை. ஆனால், விடுவிக்கும் ஒவ்வொன்றையும் அளந்து, அந்தக் கணக்கை வேறொரு தாளில் எழுதச் சொன்னார். வலை பல நாள்களாக ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்த உயிர்களை, அன்று கயிற்றோரம் கண்டவற்றோடு கலந்தால், அந்த இடத்தின் அடர்த்தி பொய்யாக உயர்ந்துவிடும் என்று விளக்கினார். நடுங்கும் கையோடு அளப்பது எனக்குக் கொடுமையாகத்தான் இருந்தது. கடல் ஏறத் தொடங்கும்வரை வலையை வெட்டினோம். கடைசி மூன்றை நேரமில்லாமல் வலைத்துண்டோடு கரைக்குக் கொண்டுவந்து விடுவித்தோம். எண்ணும் முறையாலேயே கணக்கு ஒருபக்கம் சாய்ந்துவிடுவதைக் குறிக்க வகுப்பில் படித்த மாதிரியெடுப்புச் சாய்வு என்ற சொல்லுக்கு அன்றுதான் பொருள் விளங்கியது.

முன்னாள் மாணவர்:

தங்கையின் பதிவைப் படித்ததும் 2001ஆம் ஆண்டின் செக் ஜாவா நினைவுக்கு வந்தது. புலாவ் உபின் தீவின் அந்தக் கரையை மண்ணிட்டு நிரப்பப் போகிறார்கள் என்று அறிந்து, அரும்பொருளகத்தின் தொண்டூழியர்களோடு நானும் கயிறு பிடித்து எண்ணினேன். அழியப் போகும் இடத்தில் எண்ணுவதால் என்ன பயன் என்று அப்போது மனம் கசந்தது. அவ்வாண்டு இறுதியில் நிரப்பும் பணி ஒத்திவைக்கப்பட்டது. மக்கள் அனுப்பிய கருத்துகளுக்கும் இப்பதிவுகளுக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் 2006 டிசம்பரிலும் 2007 தொடக்கத்திலும் அண்டை மலேசியாவின் ஜொகூரில் பெய்த பெருமழை, ஆற்றுவழியே நன்னீராக வந்து உவர்ப்பைக் குறைத்ததில், கம்பளக் கடற்சாமந்திகளும் நட்சத்திர மீன்களும் பெருமளவில் மடிந்தன. எவ்வளவு இழந்தோம் என்று சொல்ல முடிந்தது, முன்பே எண்ணி வைத்திருந்ததால்தான். வலைக்கான அந்தத் தனித்தாளைத் தயவுசெய்து எறிந்துவிட வேண்டாம்.

உயிரியல் மூன்றாம் ஆண்டு மாணவி:

எறியவில்லை, அண்ணா. வலையின் நீளம், வலைக்கண்ணின் அகலம், கிடந்த இடம், உயிரோடும் இறந்தும் இருந்தவற்றின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தனித்தனி நிரல்களாகப் பிரித்துவிட்டேன். இறுதியாண்டு ஆய்வைக் கைவிடப்பட்ட வலைகளைப் பற்றியே செய்யலாமா என்று வழிகாட்டியிடம் கேட்டிருக்கிறேன்; அடுத்த தாழ்நீர் நாளில் அதே இடத்துக்கு மீண்டும் போகிறோம்.