லிங்க் வருகிறது, உள்ளேதான் விட மாட்டேன் என்கிறது

கேள்வி:
திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்கள் முதலாளி ஒரு தொழில் சங்கத்தில் உறுப்பினர். அதன் உறுப்பினர் தளத்தில் என்னையும் கணக்கு தொடங்கச் சொன்னார். பதிவு செய்தேன், மெயிலும் வந்தது. லிங்க்கை அழுத்தினால் 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்கிறது! மெயில் வந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று முறையும் இதே கதை. நாளைக்குள் அங்கிருந்து பையர் (சரக்கு வாங்குபவர்கள்) பட்டியல் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

பதில் 1:
முதலாளியின் பாஸ்வேர்டையே போட்டுப் பாருங்களேன்.

கேட்டவர்:
போட்டேன். ஓடிபி அவர் போனுக்குப் போகிறது. சாயப்பட்டறைக்குள் போய்விட்டால் மனிதர் போனே எடுக்க மாட்டார்.

பதில் 2:
கம்பெனி மெயில் மைக்ரோசாஃப்ட் 365-ஆ? 'சேஃப் லிங்க்ஸ்' மாதிரி பாதுகாப்பு இருந்தால், உங்களுக்கு முன்னால் அதுவே லிங்க்கைத் திறந்து சோதித்துவிடலாம். ஒருமுறை மட்டும் செல்லும் லிங்க் அங்கேயே தீர்ந்துபோகும். சங்கத் தளத்தின் முகவரிக்கு மட்டும் விலக்கு கொடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் லிங்க்குக்குப் பதிலாக எண் அனுப்புவார்களா என்று சங்கத்தில் கேளுங்கள். பாஸ்வேர்டைப் பகிர்கிற வேலை மட்டும் வேண்டாங்க.

கேட்டவர்:
அதேதான் அண்ணா! சிஸ்டம் பார்க்கிற தம்பி விலக்கு கொடுத்தார், நாலாவது லிங்க் திறந்துவிட்டது. பட்டியல்தான் 2019-க்கு அப்புறம் புதுப்பிக்கப்படவே இல்லை.