புதுப்பிப்பு: நெற்றிக் கோட்டுப் படம் எந்த நூலில் உள்ளது (விடை கிடைத்தது)

உதவிய எல்லோருக்கும் நன்றி. என் கேள்வி: தலைப்புப் பக்கம் இல்லாத பழைய ஆங்கில நூலின் ஸ்கேன், அதில் நெற்றிக் கோடுகளுக்குப் பக்கத்தில் கிரகக் குறிகள், இது எந்த நூல்?

முக அமைப்பைப் பார்த்துக் குணம் சொல்வது பற்றித் தாமஸ் ஹில் எழுதிய 1571 நூலை முதலில் பார்த்தேன், பொருந்தவில்லை. ரிச்சர்ட் சாண்டர்ஸைப் பாருங்கள் என்ற யோசனைதான் சரி. கைரேகை, முகக்குறி (முகத்தை வைத்துப் பலன் சொல்வது), நெற்றிக்குறி (நெற்றிக் கோடுகளை வைத்துப் பலன் சொல்வது) மூன்றையும் ஒரே நூலாகச் சேர்த்து 1653-இல் லண்டனில் வெளியிட்டவர் அவர். நெற்றியின் உச்சியில் சனி, கீழே வியாழன், அதற்கும் கீழே செவ்வாய்: படம் அப்படியே ஒத்துப்போகிறது.

தேடுபவர்களுக்கு ஒன்று. இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் சிக்காமல் போகலாம். அவர் தலைப்பில் அந்தக் கலைகளின் பெயர்கள் ஆங்கில எழுத்து ஒய்-க்குப் (y) பதில் ஐ, ஈ (ie) என்று முடிகின்றன. 1671-இல் வந்தது விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எதிர்பாராதது: சாண்டர்ஸின் நூலில் அப்புறம் மச்ச பலனும் கனவுகளும் வருகின்றன, கூடவே நினைவாற்றல் கலையும்! முகத்து மச்சத்துக்கு இணையாக உடம்பில் இன்னொன்று இருக்கும் என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.